மறைந்துபோன இடுகாடுகளைக் கண்டறிந்து ஆவணப்படுத்துதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நகரத்தின் இடுகாடு பெரும்பாலும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் அங்கே புதைப்பது நிறுத்தப்படுகிறது. சில ஆண்டுகள் பூட்டியே கிடக்கிறது. பிறகு சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு பக்கச் சுவர் இடிக்கப்பட்டு, கற்கள் மறுபக்கச் சுவரோரம் சாத்தி வைக்கப்படுகின்றன. ஒரு தலைமுறை கழிந்தபின் அந்த இடம் பூங்காவாகவோ, பள்ளி மைதானமாகவோ, வாகன நிறுத்தமாகவோ மாறியிருக்கும். இந்த ஒவ்வொரு கட்டமும் எங்கேனும் ஒரு காகிதத்தில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்து, அவை சொல்லும் நிலத்தை இன்றைய தெருக்களுக்கு நடுவே அடையாளம் கண்டு, பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதி வைப்பதுதான் இங்கே விளக்கப்படும் வேலை. எரிக்கும் இடங்கள் கல்லறைகளை விட்டுச் செல்வதில்லை என்பதால், இவ்வழிகாட்டி புதைக்கும் இடங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

ஆர்வலர்கள் பலர் “இங்கே ஓர் இடுகாடு இருந்தது” என்று கண்டுபிடித்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது பாதி வழிகூட இல்லை. அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பயன்பட்டது, எதுவரை பரவியிருந்தது, அதன்மேல் எவ்வளவு மண் கொட்டப்பட்டது, உடல்கள் அகற்றப்பட்டனவா அல்லது கற்கள் மட்டும் அகற்றப்பட்டனவா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடினால்தான் அந்த ஆவணம் யாருக்கேனும் பயன்படும். நியூயார்க்கில் நடந்தது இதற்குச் சரியான சான்று. மன்ஹாட்டனின் தென்பகுதியில் ஆப்பிரிக்கர்களின் இடுகாடு ஒன்று 18ஆம் நூற்றாண்டு வரைபடத்திலேயே பெயரோடு குறிக்கப்பட்டிருந்தது. இடம் தெரிந்தே இருந்தும், பிற்காலக் கட்டடங்களின் அடித்தளங்கள் கல்லறைகளை எப்போதோ அழித்திருக்கும் என்ற அனுமானத்தில் அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகக் கட்டடம் திட்டமிடப்பட்டது. ஆனால் தாழ்வான அந்த நிலத்தைச் சமப்படுத்துவதற்காக முன்னாளில் கொட்டப்பட்ட மண், சில இடங்களில் 25 அடி உயரம் வரை, கல்லறைகளைக் காத்து நின்றது. 1991இல் தோண்டத் தொடங்கியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 400க்கும் மேற்பட்டோரின் உடல் எச்சங்கள் எடுக்கப்பட்டு, நீண்ட போராட்டத்துக்குப் பின் 2003இல் அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. வரைபடத்தில் ஒரு பெயர் இருந்தது; ஆழத்தையும் எல்லையையும் பற்றிய கேள்வியை உரிய நேரத்தில் யாரும் வலுவாகக் கேட்கவில்லை.

எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

முழு நகரத்தையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய நகரச் சுவருக்குள் இருந்த பகுதி, ஓர் ஆற்றின் ஒரு கரை, ஒரு மாநகராட்சி வட்டம் என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அதற்குள் எந்த மதத்தார், எந்த வகுப்பார் என்று பாராமல் எல்லா இடுகாடுகளையும் பட்டியலிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பளிங்குக் கல்லும் கவிதை வரியும் உள்ள கல்லறைத் தோட்டங்கள் மட்டுமே பட்டியலில் ஏறும். மருத்துவமனையில் இறந்த ஆதரவற்றோர், சிறைக்கைதிகள், அடிமைகள், கொள்ளைநோயில் மாண்டவர்கள், ஊருக்கு வந்து இறந்த அயலார் ஆகியோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்கள் விடுபட்டுப் போகும். முதலில் மறைவதும் அந்த நிலங்கள்தான் என்பதால், தேடலை அவற்றிலிருந்து தொடங்குவது நல்லது.

ஒவ்வோர் இடத்துக்கும் தொடக்கத்திலேயே ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பெயரை நம்பிப் பதிவேட்டை அமைத்தால் குழப்பம் நிச்சயம். ஒரே இடுகாடு ஒரு வரைபடத்தில் கோயிலின் பெயராலும், இன்னொன்றில் தெருவின் பெயராலும், மூன்றாவதில் நிலம் கொடுத்தவரின் பெயராலும் குறிக்கப்பட்டிருக்கும். எண் மாறாமல் இருக்க, கிடைக்கும் பெயர்களையெல்லாம் அதன் கீழே, எந்த ஆவணத்தில் எந்த ஆண்டில் கிடைத்தது என்ற குறிப்போடு சேர்த்துக்கொண்டே போகலாம். நிலையையும் ஐந்தாகப் பிரிப்பது வசதியாக இருக்கும்: பயன்பாட்டில் இருப்பது, மூடப்பட்டு அப்படியே இருப்பது, கற்கள் அகற்றப்பட்டுத் திறந்தவெளியாக இருப்பது, கட்டடம் எழும்பிவிட்டது, முறைப்படி இடம் மாற்றப்பட்டது.

காகிதத்தில் தொடங்குதல்

களத்துக்குப் போகும் ஆசையைச் சில வாரங்கள் அடக்கிக்கொள்வது நல்லது. 1880களில் லண்டனின் இடுகாடுகளை ஆராயத் தொடங்கிய இசபெல்லா ஹோம்ஸ் செய்ததும் அதுவே. 18ஆம் நூற்றாண்டில் ஜான் ரோக் வரைந்த பெரிய வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடுகாடுகளைத் தம் காலத்து அரசு அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டு, எவையெவை காணாமல் போயின என்று முதலில் பட்டியலிட்டார். அதன் பிறகே ஒவ்வொன்றாக நேரில் தேடிச் சென்றார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் இந்த வரிசைமுறையை மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

வரைபடங்களைக் கால வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரைபடங்களுக்கு இடையில் ஓர் இடுகாடு தோன்றினாலோ மறைந்தாலோ, அந்த இடைவெளிக்குள்தான் அது திறக்கப்பட்டிருக்கும் அல்லது மூடப்பட்டிருக்கும். பிறகு எந்த ஆண்டுகளின் செய்தித்தாள்களையும் அரசிதழ்களையும் புரட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: வரைபடக்காரர்கள் பழைய வரைபடத்திலிருந்து அப்படியே படி எடுப்பது வழக்கம். எனவே மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன இடுகாடும் புதிய பதிப்பில் உயிரோடு இருப்பதுபோல் தோன்றலாம்.

அடுத்து, அந்த நகரத்தில் புதைப்பதைத் தடைசெய்த அல்லது ஒழுங்குபடுத்திய சட்டங்கள் எந்த ஆண்டுகளில் வந்தன என்று பாருங்கள். லண்டனில் 1852ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நகரின் உள்ளிருந்த இடுகாடுகள் வரிசையாக மூடப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவில் 1901 முதல் நகர எல்லைக்குள் புதைப்பது நின்றது. இத்தகைய சட்டத்தின் ஆண்டு தெரிந்தால், மூடல் ஆணைகள், சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகள், உறவினர்களுக்கான அறிவிப்புகள் ஆகியவை குவியும் காலமும் தெரிந்துவிடும். சுகாதார அறிக்கைகளை அலட்சியப்படுத்த வேண்டாம். பாரிஸின் இன்னோசான் இடுகாட்டை ஒட்டியிருந்த வீட்டின் நிலவறைச் சுவர் 1780இல் அழுத்தம் தாங்காமல் உடைந்ததும், அதன்பின் இடுகாடு மூடப்பட்டதும், 1785 முதல் எலும்புகள் நகருக்கு வெளியே இருந்த பழைய கற்சுரங்கங்களுக்குக் கொண்டுபோகப்பட்டதும் விரிவாகத் தெரிய வருவது அக்காலத்து அதிகாரிகளும் மருத்துவர்களும் எழுதி வைத்த குறிப்புகளால்தான். புகார் மனுக்களில் அளவு, ஆழம், நாற்றம், சுவரின் உயரம் எல்லாம் இருக்கும். அமைதியாக இயங்கிய இடுகாட்டைப் பற்றி யாரும் அவ்வளவு எழுதியிருக்க மாட்டார்கள்.

அடக்கப் பதிவேடுகளும் நில ஆவணங்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. பதிவேடு யார், எப்போது என்பதைச் சொல்லும். நில ஆவணம் எவ்வளவு, எங்கே, யாருடையது என்பதைச் சொல்லும். பிரிட்டிஷ் இந்தியாவின் கிறித்தவ அடக்கப் பதிவுகளின் படிகள் வங்காளம், சென்னை, பம்பாய் என்ற மூன்று மாகாண வரிசைகளில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருப்பதால் அவருக்குக் கல் இருந்தது என்று பொருளில்லை. பெரும்பாலான பழைய இடுகாடுகளில் கல் நாட்டப்பட்டவர்கள் சிறுபான்மையினரே.

தேடும்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், இடுகாடு, மயானம், கல்லறைத் தோட்டம், மையவாடி, கபர்ஸ்தான், சமாதி என்று வழங்கிய எல்லாச் சொற்களையும், பிறமொழி ஆவணங்களில் அவற்றுக்கு வழங்கிய பெயர்களின் பிழையான எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின்மேல் பொருத்துதல்

இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தின் வருடிய (ஸ்கேன் செய்த) படத்தை ஏற்றி, இன்றும் அதே இடத்தில் நிற்கும் அடையாளங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுத்தால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்க முடியும். வழிபாட்டுத் தலங்களின் மூலைகள், கோட்டைச் சுவரின் திருப்பங்கள், பழைய பாலங்களின் தூண்கள் ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்றங்கரையும் கடற்கரையும் இடம் மாறுபவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நான்கு புள்ளிகள் போதும் என்று மென்பொருள் ஏற்றுக்கொள்ளலாம். எனினும் பத்துக்குக் குறையாமல், படம் முழுவதும் பரவியிருக்கும்படி வைப்பதே முறை.

இப்படிப் பொருத்தியபின் மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு விலகல் என்று ஓர் அட்டவணை காட்டும். பலரும் கவனிக்காமல் மூடிவிடும் இந்த அட்டவணைதான் மிக முக்கியமானது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் முக்கோண அளவை முறை பரவுவதற்கு முந்திய நகர வரைபடங்களில் விலகல் 30, 40 மீட்டர் என்று வந்தாலும் வியப்பதற்கில்லை. அப்படியானால் அந்த வரைபடத்திலிருந்து நீங்கள் வரையும் இடுகாட்டின் எல்லையிலும் அதே அளவு ஐயம் இருக்கிறது. அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் கோட்டை மட்டும் வரைந்து வெளியிட்டால், பார்ப்பவர் அதை மீட்டர் அளவுக்குத் துல்லியமான எல்லை என்று எடுத்துக்கொள்வார்.

20ஆம் நூற்றாண்டில் மறைந்த இடங்களுக்கு வான்வழிப் படங்கள் மிகவும் உதவும். அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்களின் இரகசியத் தடை 1995இல் நீக்கப்பட்டது. அவற்றை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் இணையதளத்தில் தேடிப் பெறலாம். பிற்காலத்துப் படங்களில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கள் தெரியும். தனிக் கல்லறையைப் பிரித்தறிய அது போதாது. ஆனால் சுற்றுச்சுவரும் நடைபாதையும் மரவரிசையும் தெளிவாகத் தெரியும்.

களத்துக்குச் செல்லும் முன்

நிலத்துக்குப் பொறுப்பானவர் யார் என்று அறிந்து, நோக்கத்தைச் சொல்லி, எழுத்தில் அனுமதி பெறுங்கள். காவலாளியிடம் வாய்மொழியாகப் பெற்ற அனுமதி அவர் மாறிய மறுநாளே செல்லாததாகிவிடும். பயன்பாட்டில் உள்ள இடுகாட்டில் அடக்கம் நடக்கும்போது படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தச் சமூகத்தார் சில கல்லறைகளைப் படமெடுக்க வேண்டாம் என்றால், காரணம் கேட்டு வாதிடாமல் ஏற்றுக்கொள்வதே நல்லது.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சாய்ந்து நிற்கும் கல்லில் கை வைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு சாதாரணக் கருங்கல் பலகை ஏறத்தாழ 240 கிலோ எடை இருக்கும். அடிமண் இளகியிருந்தால் ஒரு குழந்தை சாய்ந்தாலும் அது விழக்கூடும். உள்வாங்கிய நிலத்தின் மேலும், செங்கல் வளைவு கொண்ட நிலவறைகளின் மேலும் நடக்கக் கூடாது. திறந்து கிடக்கும் நிலவறைக்குள் இறங்கவே கூடாது. புதர் மண்டிய இடத்துக்குத் தனியாகப் போகாமல், முழுக் காலணியும் ஒரு நீண்ட கோலுமாக, இருவராகச் செல்லுங்கள்.

களத்தில் எதைப் பார்ப்பது

கற்கள் போன பிறகும் நிலம் சில அடையாளங்களை வைத்திருக்கும். பல நூற்றாண்டுகள் தொடர்ந்து புதைக்கப்பட்ட இடம் தெருவைவிட உயர்ந்து, தாங்குசுவரோடு நிற்பது பரவலாகக் காணப்படும் அடையாளம். நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே காரணமே தெரியாமல் கட்டப்படாமல் விடப்பட்ட ஒரு துண்டு நிலம், நேரே வந்த தெரு திடீரென வளைந்து செல்லும் இடம், புதுச் சுவரின் அடியில் மட்டும் தெரியும் பழைய செங்கல் வரிசை, எதற்கும் வாசலாக இல்லாத ஒரு வாயிற்தூண் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சவப்பெட்டி மக்கி மண் இறங்கிய இடங்களில் ஆள் நீளத்துக்கு மெல்லிய பள்ளங்கள் உண்டாகும். அவை ஒரே திசையில், ஒரே இடைவெளியில் அமைந்திருந்தால் ஐயம் வலுப்படும். கிறித்தவக் கல்லறைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவும், இஸ்லாமியக் கல்லறைகள் உடலின் முகம் மக்காவை நோக்கும் வகையிலும் அமைவதால், பள்ளங்களின் திசையே யாருடைய இடுகாடு என்பதற்கு ஒரு துப்பாகும். மழை பெய்து ஓய்ந்த காலையில், வெயில் தாழ்வாக விழும்போது பார்த்தால் இவை தெரியும். நண்பகலில் அதே நிலம் சமதரையாகத் தோன்றும்.

ஒவ்வோர் அடையாளமும் தனித்தனியே பலவீனமானது. உயர்ந்த நிலம் இடிபாட்டுக் குவியலாகவும் இருக்கலாம். காகிதச் சான்று இல்லாமல் நில அடையாளத்தை மட்டும் வைத்து எந்த இடத்தையும் இடுகாடு என்று அறிவிக்காதீர்கள்.

கல்லறைகள் எஞ்சியிருந்தால் தரைப்படம் வரைய வேண்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழை காட்டும். மரத்தடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு அருகிலும் பிழை கூடும். கல்லறைகளோ ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஆகவே ஜிபிஎஸ்ஸை இடுகாட்டின் மூலைகளுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, உள்ளே ஒரு நேர்கோட்டில் அளவு நாடாவை விரித்து, அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு கல்லும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று அளந்து எழுதும் பழைய முறையே நம்பகமானது. வரிசைக்கு ஓர் எழுத்தும் கல்லுக்கு ஓர் எண்ணும் கொடுங்கள். வாசிக்க முடியாத கல்லுக்கும், அடிப்பகுதி மட்டும் எஞ்சிய கல்லுக்கும் எண் உண்டு. கல்வெட்டு அழிந்துவிட்டது என்பதும் ஒரு தகவலே.

கல்வெட்டை வாசித்தலும் படமெடுத்தலும்

தேய்ந்த எழுத்தை வாசிக்கத் தேவையானது ஒளியின் கோணம்தான். ஒளி கல்லின் பரப்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தால், அரை மில்லிமீட்டர் ஆழமுள்ள எழுத்திலும் நிழல் நிற்கும். வெயிலுக்காகக் காத்திருக்கலாம், அல்லது ஒருவர் நிலைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் சாய்வாக விழச்செய்ய, மற்றவர் படமெடுக்கலாம், வெயிலே படாத பக்கத்தைப் பார்த்து நிற்கும் கற்களுக்கு அந்தி சாய்ந்தபின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடிப்பது நல்ல பலன் தரும். ஒரே கல்லை விளக்கை இடம், வலம், மேல், கீழ் என்று நகர்த்தி, படக்கருவியை அசைக்காமல் பல படங்கள் எடுத்து வைத்தால், ஒன்றில் தெரியாத எழுத்து மற்றொன்றில் தெரியும். அப்படங்களை ஒன்றாக்கி, ஒளியின் திசையைத் திரையில் மாற்றிப் பார்க்க உதவும் இலவச மென்பொருள்களும் உண்டு.

எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, சவர நுரை தடவுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது ஆகியவை அறவே கூடாது. சவர நுரையில் உள்ள அமிலங்கள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். கம்பித் தூரிகை எஞ்சிய எழுத்தையும் எடுத்துவிடும். காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும், பொருக்கு விடும் மணற்கல்லில் கேடு செய்யும். தூசியும் காய்ந்த இலையும் போக மென்மையான தூரிகையும் வெற்று நீரும் போதும். பொருக்கு விடும் கல்லில் அதுவும் வேண்டாம்.

படத்தில் ஓர் அளவுகோலும், கல்லின் எண் எழுதிய சிறு அட்டையும், வடதிசைக் குறியும் இருக்கட்டும். முழுக் கல், கல்வெட்டு மட்டும், பின்புறம், பக்கவாட்டு, சுற்றுப்புறத்தோடு கல் என்று ஐந்து படங்கள் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கற்சிற்பியின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அடிப்பகுதியில் புல்லுக்குள் மறைந்திருக்கும்.

வாசிப்பை எழுதும்போது வரி முறியும் இடத்தில் சாய்கோடு இடுங்கள். அழிந்த எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் புள்ளிகளாகவும், ஊகித்து நிரப்பியவற்றைக் கேள்விக்குறியோடும் எழுதுங்கள். கல்லில் உள்ள பிழையைத் திருத்தாதீர்கள். இருவர் தனித்தனியே வாசித்துப் பிறகு ஒப்பிடுவது நல்லது. முதலாமவரின் வாசிப்பைப் பார்த்துவிட்ட இரண்டாமவர் அதையேதான் கல்லிலும் காண்பார்.

ஆண்டுகள் தனிக் கவனம் கோருபவை. இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால், ஒரு கல்லில் 1699 பிப்ரவரி என்றிருந்தால் அது நம் கணக்கில் 1700ஆக இருக்கலாம். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது. மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடும். சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். ஆங்கில ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி முதல் அந்தச் சக ஆண்டு முடியும்வரை உள்ள மாதங்களுக்கு 79. பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால், எந்தச் சுற்று என்பதை வேறு சான்றால் நிறுவும்வரை அதை மாற்றி எழுதவே கூடாது. எந்த நிலையிலும், கல்லில் உள்ளபடி ஒரு கட்டத்திலும் நீங்கள் மாற்றியதை வேறொரு கட்டத்திலும் எழுதுங்கள்.

கல் ஓரிடம், உடல் ஓரிடம்

இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. கல் நிற்கும் இடத்தில் உடல் இருக்கும் என்பதும், கல் இல்லாத இடத்தில் உடல் இல்லை என்பதும் இரண்டுமே தவறான அனுமானங்கள்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைப் பலகைகள் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எலிசபெத் பேக்கரின் கல் 1652ஆம் ஆண்டைக் காட்டுகிறது. தேவாலயமோ 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டாலே கல் வேறிடத்திலிருந்து வந்தது என்ற ஐயம் எழ வேண்டும். பழைய ஆங்கிலேய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது அங்கிருந்த கல்லறைக் கட்டுமானங்கள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை முடிந்தபின் அவை இடிக்கப்பட்டு, பலகைகள் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஓரிரு நினைவுச்சின்னங்கள் மட்டும், அக்காலச் சென்னை ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட்டுடைய அடக்கத்தலம் உட்பட, பழைய இடத்திலேயே விடப்பட்டன. கற்கள் போனதென்னவோ உண்மை. அங்கே புதைக்கப்பட்ட மற்றவர்கள் போனார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. நகரின் இடுகாடுகள் தெற்கே உள்ள கோல்மாவுக்கு மாற்றப்பட்டபோது, உரிமை கோரப்படாத கற்கள் கடலரிப்புத் தடுப்புக்கும் பூங்காவின் வடிகால்களுக்கும் போயின. ஆனால் பழைய நகர இடுகாட்டில் எழுந்த லீஜியன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகத்தை 1990களில் விரிவாக்கியபோது, இடம் மாற்றப்படாத நூற்றுக்கணக்கான உடல்கள் கிடைத்தன. லண்டனின் யூஸ்டன் நிலையத்தை ஒட்டிய இடுகாட்டில் கடலோடி மாத்யூ பிளிண்டர்ஸின் கல் 19ஆம் நூற்றாண்டிலேயே அகற்றப்பட்டுவிட்டது. உடல் தொலைந்தது என்றே கருதப்பட்டது. 2019இல் அகழாய்வாளர்கள் அவரைக் கண்டது சவப்பெட்டியின் மேலிருந்த ஈயத் தகட்டால். மெல்லிய தகரத் தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்துபோன அதே மண்ணில் ஈயம் எழுத்தோடு எஞ்சியிருந்தது.

ஆகவே “மாற்றப்பட்டது” என்று ஒரு செய்தித்தாள் சொன்னால், எத்தனை உடல்கள், எந்த ஒப்பந்ததாரர், எங்கே மீண்டும் புதைக்கப்பட்டன என்ற மூன்றையும் தேடுங்கள். அடக்கப் பதிவேட்டின் எண்ணிக்கையும் மாற்றப்பட்டோரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், மிச்சமுள்ளவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்று கொள்வதுதான் பாதுகாப்பான முடிவு.

அருகில் வாழ்பவர்களிடம் கேட்டல்

குழி வெட்டும் குடும்பங்கள், பூ விற்பவர்கள், பழைய வீட்டுக்காரர்கள் ஆகியோரிடம் “இங்கே இடுகாடு இருந்ததா” என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். “உங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது என்ன கிடைத்தது”, “சுவர் முன்பு எந்த மரம்வரை இருந்தது”, “கடைசியாக அங்கே அடக்கம் நடந்தபோது உங்களுக்கு என்ன வயது” என்பன போன்ற கேள்விகள் பயன் தருபவை. பேய்க்கதைகளையும் எழுதிக்கொள்ளலாம், அவை எந்தச் சந்தில் நடந்ததாகச் சொல்லப்படுகின்றன என்பதில் சில நேரம் பழைய எல்லை ஒளிந்திருக்கும். பேசியவரின் ஒப்புதல் இல்லாமல் பெயரையோ குரலையோ வெளியிட வேண்டாம்.

எல்லைக் கோட்டை வரைதல்

சேர்ந்த சான்றுகளைக் கொண்டு ஒரே கோடு வரையாமல் மூன்று கோடுகள் வரையுங்கள். குறைந்தது இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போகும் பகுதியை உறுதியானது என்றும், ஒரே நல்ல சான்று காட்டும் பகுதியைப் பெரும்பாலும் இருந்தது என்றும், வரைபட விலகலையும் வாய்மொழியையும் கணக்கில் கொண்டால் எட்டக்கூடிய எல்லையை இருக்கக்கூடும் என்றும் குறிக்கலாம். ஏழைகளும் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் பெரும்பாலும் வேலியோரத்திலும் வேலிக்கு அப்பாலும் புதைக்கப்பட்டதால், மூன்றாவது கோட்டைத் தயங்காமல் வெளியே தள்ளியே வரையுங்கள்.

தரை ஊடுருவு ரேடார், மண்ணின் மின்தடை அளவீடு ஆகியவை தோண்டாமலே குழிகளைக் காட்டக்கூடியவை. ஆனால் அவை எலும்பைக் காட்டுவதில்லை, மண் கலைந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. ஈரக் களிமண்ணில் ரேடார் அலை ஆழத்துக்குப் போவதும் இல்லை. எனவே பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் கருவியை வாடகைக்கு எடுப்பதில் பயனில்லை. மண்ணை நீங்களே தோண்டவே கூடாது. எலும்பு வெளியே தெரிந்தால் தொடாமல், இடத்தை மாற்றாமல், படமெடுத்துவிட்டுக் காவல்துறைக்கும் தொல்லியல் அதிகாரிக்கும் தெரிவியுங்கள். படத்தை எங்கும் பகிர வேண்டாம்.

பதிவும் வெளியீடும்

அட்டவணையை எளிய எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். சிறப்பு மென்பொருள் வேண்டும் வடிவங்கள் இருபது ஆண்டுகளில் திறக்காமல் போகலாம். படக் கோப்பின் பெயரிலேயே இடத்தின் எண், கல்லின் எண், நாள் ஆகியவை இருக்கட்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே அது எந்த ஆவணத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதாவிட்டால், ஐந்து ஆண்டுகள் கழித்து உங்களாலேயே அதை நம்ப முடியாது.

தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இன்று நிலத்தில் இருப்பதை மட்டுமே ஏற்கும். மறைந்தவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் பொருத்தமானது. கல்வெட்டுப் படங்களை ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தளங்களில் ஏற்றலாம் என்றாலும், அவை தனியார் நிறுவனங்களுடையவை என்பதால் மூலப் படியை ஒரு பொது நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ ஒப்படைக்க வேண்டும். அண்மைக்காலக் கல்லறைகளின் விவரங்களை, வாழும் உறவினர்களின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதீர்கள். செப்புத் தகடும் சிற்பமும் உள்ள கைவிடப்பட்ட கல்லறைகளின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுப் பதிப்பில் மங்கலாக்கி, முழு விவரத்தைக் காப்பகப் படியில் மட்டும் வையுங்கள்.

மூன்று கோடுகள் கொண்ட வரைபடத்தின் ஒரு படி நகரத் திட்டமிடல் அலுவலகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். கட்டட அனுமதி கொடுப்பவரின் மேசையில் அது இல்லாவிட்டால், நூலகத்தில் இருந்தும் நிலத்துக்குப் பயனில்லை. சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை போடுவதற்காகச் சுமார் 3,700 கல்லறைகளைத் தோண்டுவதென முடிவானபோது, தோண்டுவதற்கு முன்பே அவற்றை ஆவணப்படுத்த அரசே ஆய்வாளர் குழுவை அமர்த்தியது. தன்னார்வலர்களும் தனியே வழிநடத்திச் சென்று மக்களுக்கு அந்த இடத்தைக் காட்டினார்கள். சாலை வந்தது. ஆனால் அந்தக் கல்லறைகள் ஒவ்வொன்றும் எங்கே, எந்தத் திசை நோக்கி, என்ன எழுத்தோடு நின்றன என்பதற்குப் பதிவு இருக்கிறது. அலுவலகத்தில் வரைபடத்தைக் கொடுக்கும்போது ஏற்புச் சீட்டு வாங்கி, அதன் எண்ணையும் நாளையும் அந்த இடுகாட்டின் பதிவுத் தாளிலேயே எழுதிவையுங்கள்.